எல்லாருக்கும் பத்தாம் நம்பர்

நான் ரசிகனாக இருக்கும் கால்பந்து கிளப் நேற்று ஜெயித்ததும், எங்கள் ஆட்கள் ஏதாவது தில்லுமுல்லு செய்தார்களா என்று ரீப்ளேவைத் திரும்பத் திரும்பப் பார்த்த மடையன் நான். கொண்டாட எடுத்த புது ஜெர்சியின் சாய வாசனையில், இப்போது குடோனாகிவிட்ட அருள்புரம் மைதானம் கண்முன் வந்து நின்றது: பஞ்சு பறக்கும் காற்று, பக்கத்து பனியன் கம்பெனியின் மெஷின் இரைச்சல், ஏற்றுமதியில் கழிக்கப்பட்டு எங்களுக்கு வந்த, எல்லாவற்றிலும் பத்தாம் நம்பரே அச்சடித்திருந்த ஜெர்சிகள், அவற்றைப் போட்டுக்கொண்டு சின்ன வயதில் நாங்கள் ஒரே ஒருமுறை ஜெயித்த சாயங்காலம். வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத ஒரே வெற்றி அதுதான். அன்றைய கேப்டன் முருகேசனுக்குப் போன் போட்டு அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஏண்டா, எல்லாருக்கும் ஒரே நம்பரு, ரெபரி எங்க எண்ணுனாரு? அன்னைக்கு நாம பன்னெண்டு பேரு ஆடுனோம். உன்னையத்தான் கடைசியா உள்ள உட்டோம்."