எங்கம்மா காலில் விழவில்லை

மாத்தளை நகரத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த அரசாங்கக் கந்தோரில், கோப்பு அலுமாரிகளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் ஓரத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய மேசை. பகல் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பார்சலை அவசரமாகச் சாப்பிட்டு முடித்து, கழுவிய கை காய்வதற்குள் அங்கே போய் உட்கார்ந்து கொப்பியைத் திறப்பேன். காலையில் எல்கடுவ பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்ன கதை, முதல்நாள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீடுகளின் குழாயடியில் நடந்த சண்டை, அப்பா சோற்றில் உப்பில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று எதுவும் அதில் இருக்கும். யாருக்கும் காட்டுவதற்காக எழுதவில்லை. எங்கள் லயத்திலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான். நாள் முழுக்க “மேற்படி விடயம் தொடர்பாக” என்று பிறத்தியாரின் தமிழை எழுதிக்கொண்டிருப்பவளுக்கு, நாங்கள் பேசுகிறபடியே எழுத அந்தக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. அதை ஒரு பழக்கம் என்று கூட நான் அப்போது நினைக்கவில்லை. காலையில் எழுந்து தலை பின்னிக்கொள்வதைப் போல அது தானாக நடந்தது.

எங்கள் பிரதம எழுதுவினைஞரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிட்டோம். வேலைக்காக வடக்கிலிருந்து வந்து, மாத்தளையிலேயே வீடு கட்டிக் குடியிருந்தவர். கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடிந்தால் எனக்கு இத்தனை வருடம் கோபம் மிஞ்சியிருக்காது. நான் சேர்ந்த புதிதில் என் காதுபட “தோட்டத்துப் பிள்ளை” என்று சிரித்தவர்களை அழைத்துத் திட்டியவர் அவர்தான். பரீட்சைக்குப் படிக்க லீவு கிடைக்காமல் நான் தவித்தபோது, மேலிடத்தில் பேசி வாங்கித் தந்தவரும் அவர்தான். நகரத்தில் ஓர் இலக்கிய வட்டத்துக்குத் தலைவராக இருந்தார். வருடந்தோறும் அவர்கள் ஒரு மலர் வெளியிடுவார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் என் மேசையருகே நின்றார்.

“என்ன பிள்ளை எழுதுறீர்?”

“சும்மாங்க ஐயா.”

“சும்மா எழுதிறதெண்டு ஒண்டுமில்லை. தாரும், ஒருக்காப் பாப்பம்.”

கொடுத்தேன். இரண்டொரு நாளில் கொப்பி சிவப்பு மையோடு திரும்பி வந்தது. “வந்தாங்க” எல்லாம் “வந்தார்கள்” ஆகியிருந்தன. “ஏலாது போ” என்று அப்பா சொன்னது “என்னால் இயலாது, செல்” என்று மாறியிருந்தது. எங்கள் அப்பா வாழ்நாளில் யாரிடமும் “செல்” என்று சொன்னதில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, பெருமைதான் வந்தது. ஐயா இவ்வளவு மினக்கெட்டுத் திருத்தியிருக்கிறாரே என்று.

“விசயம் நல்ல விசயம்,” என்றார். “ஆனா உது பேச்சு, எழுத்தில்லை. எழுத்துக்கெண்டு ஒரு மரியாதை இருக்கெல்லே.”

அதன் பிறகு எழுத உட்கார்ந்தால் அவர் தோளுக்குப் பின்னால் நிற்பது போலவே இருக்கும். அப்படியும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். குளவி கொட்டிய கதையை எழுதியது அந்த நாட்களில்தான்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்தது அது. கவ்வாத்து மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் குளவிக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சாக்கில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கிக் கண் இருந்த இடமே தெரியவில்லை. அந்த நேரம் தோட்டத்து லொறி உரமூட்டைகளோடு மேல் டிவிசனுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்தை நிர்வகித்த துரை பக்கத்தில் ஜீப்பில் இருந்தார். உரத்தை இறக்கிவிட்டு வரட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகலாம் என்று இறங்காமலே சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் அதைக் கேட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றேன். அப்போதுதான் அம்மா மலையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை அப்படியே இருந்தது. நேரே போய் லொறிக்கு முன்னால் நின்றாள்.

“உரத்த எறக்கிட்டுத்தான் எம் புருசன ஏத்துவீங்கன்னா, மொதல்ல எம் மேல ஏத்திட்டுப் போங்க. போங்கய்யா, பாப்போம்.”

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். துரை ஏதோ கத்தினார். அம்மா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். நின்றிருந்த ஆட்கள் யாரையும் கேட்காமல் அப்பாவைத் தூக்கி உரமூட்டைகளின் மேல் படுக்கவைத்தார்கள். லொறி மாத்தளைக்குத் திரும்பியது. அப்பா பிழைத்தார். துரையை எதிர்த்துப் பேசியதற்காக அம்மாவின் வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அவள் அதற்கும் கலங்கவில்லை.

இதைத்தான் எழுதியிருந்தேன். ஐயா வாசித்துவிட்டு, இந்தக் கொப்பி தன்னிடம் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். அது திரும்பி வரவேயில்லை. கேட்டபோதெல்லாம் வீட்டில் இருக்கிறது என்றார்.

களஞ்சியத்துக்குப் பொறுப்பாக, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். நகரத்தில் பல தலைமுறையாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துக்காரர். கந்தோரில் நான் எழுதுவதைக் கேலி செய்யாமல் எப்போதாவது கேட்டு வாங்கி வாசிக்கிறவர் அவர் ஒருவர்தான். அந்த வருடத்து மலரை அவர்தான் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

“இது நீங்க எழுதினதெல்லவா தங்கச்சி? ஒங்கட பேரக் காணல்லயே.”

குளவி இருந்தது. லொறி இருந்தது. உரமூட்டை இருந்தது. மேலே ஐயாவின் பெயர் இருந்தது. மலைநாட்டில் தாம் நேரில் கண்ட காட்சி என்று தொடங்கியிருந்தார். ஒரு “பேதைப் பெண்” ஓடி வருகிறாள். துரையின் கால்களில் விழுகிறாள். “ஐயனே, என் மாங்கல்யத்தைக் காத்தருளுங்கள்” என்று கதறுகிறாள். துரையின் கண்கள் பனிக்கின்றன. அவரே லொறியைத் திருப்பச் சொல்கிறார்.

பெயர் போனது கூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தக் கால்களைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். துரையின் காலில் அவளை ஐயா ஏன் விழவைத்தார்?

“கேளுங்க,” என்றார் நானா. “கேக்காட்டி நீங்க பொருந்திக்கிட்டதா எடுத்துக்குவாரு.”

போய்க் கேட்டேன். “எங்கம்மா கால்ல விழலிங்க ஐயா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னார்:

“பிள்ளை, வாசிக்கிற ஆக்களுக்கு இரக்கம் வரவேணுமெல்லே. அந்த மனுசி நடு ரோட்டில நிண்டு கத்தினா ஆருக்கு இரக்கம் வரும்?” பிறகு சிரித்தார். “விசயம் உம்மட. எழுத்து என்ர. அதில உமக்கென்ன குறை?”

என் மேசைக்குத் திரும்பினேன். பதில் சொல்லியிருந்தாலும் அது என் வாயிலிருந்து எந்தத் தமிழில் வந்திருக்கும் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து பகல் நேரத்தில் மற்றவர்களோடு படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், யட்டவத்தைக்கு இடமாற்றம். வருடப் பிறப்பில் ஒரு புதுக் கொப்பி வாங்குவதை மட்டும் நான் விடவில்லை. முதல் வாரம் எழுதுவேன். பிறகு யாராவது பேசவேண்டிய இடம் வரும். மாமியாரோ, பஸ் கண்டக்டரோ, மீன்காரனோ. அந்த இடத்தில் கை நின்றுவிடும். வந்தாங்களா, வந்தார்களா? எழுதிவிட்டு அடிப்பேன். அடித்ததை மறுபடி எழுதுவேன். அடுத்தநாள் கொப்பியைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். ஒழுங்கு வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. தினம் ஒரு வரி போதும் என்றார்கள். விடியற்காலையில் எழுந்திரு என்றார்கள். விடியற்காலையில் எழுந்து இடியப்பம் பிழிந்து, பிள்ளைகளைக் கிளப்பி, பஸ் பிடித்து ஓடுகிற ஒருத்திக்கு ஒழுங்கைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். நானும் சோம்பேறித்தனம் என்றுதான் என்னை வைதுகொண்டேன். எத்தனை வருடம் வைதேன் என்று நினைத்தால் இப்போது எரிகிறது. எனக்கு ஒழுங்கு இருந்தது. நோய் நொடியிலும் அந்த ஜன்னலோரத்துக்குப் போனவள் நான். அதை ஒருவர் என் கையிலிருந்து அன்பாகப் பேசி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சில மாதங்களுக்கு முன் ஐயா காலமானார். செத்த வீட்டுக்குப் போனேன். எல்லோரையும் போலக் கைகூப்பி நின்றேன். அழுகை வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு இலக்கிய வட்டத்திலிருந்து ஒருவர் போன் பண்ணினார். நினைவு மலர் போடுகிறார்களாம். அவரிடம் வேலை பழகியவள் என்ற முறையில் நான் ஒரு குறிப்பு எழுதித் தரவேண்டுமாம். அவருடைய சிறந்த ஆக்கம் ஒன்றையும் மறுபிரசுரம் செய்கிறோம், பாருங்கள் என்று போனுக்கு அனுப்பியிருந்தார். திறந்தேன். குளவி, லொறி, பேதைப் பெண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்கடுவைக்குப் போனேன். அப்பா போய்ப் பல காலமாகிறது. அம்மா தம்பியோடு அதே லயத்தில்தான் இருக்கிறாள். காது நன்றாகக் கேட்கும், வாயும் குறையவில்லை. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், ஒன்றும் சொல்லாமல், போனைப் பார்த்து முழுவதையும் வாசித்தேன். கடினமான சொற்கள் வந்த இடங்களில் அர்த்தம் சொன்னேன். அவள் கீரையை விட்டுவிட்டுக் கவனமாகக் கேட்டாள். கால்களில் விழும் இடம் வந்தபோது “ச்சு” என்று நாக்கைத் தட்டினாள். முடித்ததும் கேட்டாள்:

“பாவம். யாரு இந்தப் பொம்பள?”

“நீங்கதாம்மா,” என்றேன்.

“நானா?”

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“நான் எங்கடி விழுந்தேன்? எவன் சொன்னது? அந்தாளு ஜீப்ப விட்டு எறங்கவே இல்ல, அப்புறம் எந்தக் கால்ல விழறது?”

ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். நான் கைப்பையில் கிடந்த தாள்களை எடுத்து, தரையில் உட்கார்ந்து, அவள் சொல்வதை அப்படியே எழுதினேன். எந்த இடத்திலும் கை நிற்கவில்லை, நிற்க அவள் விடவுமில்லை. எழுதி முடித்ததை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். தலையை ஆட்டினாள்.

“ஒண்ண விட்டுட்ட. தொரைய ஒரு வார்த்த ஏசுனேன்ல, அது எங்க?”

சிறுமியாக ரோட்டோரத்தில் நின்றபோது அதைக் கேட்டிருக்கிறேன். சிவப்பு மைக்குப் பயப்படத் தொடங்கிய அந்தக் காலத்தில் அதை எழுதத் துணியவில்லை. இப்போது எழுதினேன். அச்சில் வராத வார்த்தைதான். ஆனால் அவளுடைய வாயில் அது கணீரென்று இருந்தது.

அதையே சுத்தமாக ஒரு பிரதி எடுத்து, குறிப்பு கேட்டவருக்கு அனுப்பினேன். ஐயா எனக்குச் செய்த உதவிகளையும் மறைக்காமல் எழுதினேன், அதற்குக் கீழே இந்தக் கதை யாருடையது என்பதையும் எழுதினேன். ஒரு வாரம் கழித்து அவர் போனில் அழைத்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. நினைவு மலருக்கு இது பொருந்தாது என்று குழுவில் நினைக்கிறார்கள் என்றார். சில பகுதிகளை எடுத்துவிட்டால் யோசிக்கலாம், குறைந்தது அந்த ஒரு வார்த்தையையாவது.

“முடியாதுங்க,” என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

மலர் வெளிவந்துவிட்டது. பேதைப் பெண் அதில் இன்னும் விழுந்து கிடக்கிறாள்.

அன்றிலிருந்து தினமும் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். போன வாரம் இரண்டு நாள் கொப்பியைத் தொடவேயில்லை, மகளுக்குக் காய்ச்சல். ஆனால் இடையில் விட்டால் திரும்பப் போய் உட்கார முடிகிறது. வந்தாங்க என்று எழுதுகிறேன், அடிப்பதில்லை. கோபம் வருகிற நாட்களில் எழுதுகிறேன். கோபம் அநேகமாக எல்லா நாளும் வருகிறது.