சாவடியில் நான் சொன்ன சொல்

மழையில் நனைந்த மணல்மூட்டைச் சாக்கின் புளித்த மணம் எங்கிருந்து வந்தாலும், இன்றைக்கும் என் உள்ளங்கை வியர்த்துவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுனாமி முகாமிலிருந்து வெறுங்கையோடு கிரானுக்கு வந்து, மூன்று உழவு மெசினும் ஓர் அரிசி ஆலையும் உண்டாக்கினேன். எந்தச் சபையிலும் பேச்சுக்குத் தடுமாறியதில்லை. என் மூத்த மகள் தர்சினியின் சின்ன வயதைப் பற்றிச் சொல்லத்தான் சொல் கிடைக்காமல் திண்டாடினேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்; நாம் சொன்னதை நம் குரலிலேயே திருப்பிச் சொல்வாள்; வரிசையாக எது இருந்தாலும் ஒவ்வொன்றாகத் தொட்டு முடித்தால்தான் அடுத்த அடி வைப்பாள். "இதென்னகா, மந்தமா?" என்று என் மனைவியிடம் கேட்ட அதே பெண்கள், எங்கள் கரையோர வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, முகாமில் வைத்து, "பாவம், கடலைக் கண்டு பயந்த புள்ள" என்றார்கள். அந்தச் சொல்லை நாங்கள் இறுகப் பிடித்துக்கொண்டோம். கடல் வருவதற்கு முன்பே அவள் அப்படித்தான் என்று தெரிந்தும் நூல் கட்டினோம், தண்ணீர் ஓதித் தெளித்தோம். பயம் என்றால் ஒருநாள் தெளியுமல்லவா!

சண்டை முடிகிற காலம், அவளுக்கு எட்டு வயது. பட்டணம் போகிற வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். தர்சினி என் கையை உதறிவிட்டு மணல்மூட்டைகளைத் தொட ஓடினாள். சிப்பாய் நிற்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். அவள் அதே சத்தத்தில் திருப்பிக் கத்தினாள். அவன் துவக்கின் குழல் அவள் பக்கம் நிமிர்ந்தது.

"இஞ்சாருங்க, என்னவாவது சொல்லுங்களன்!" என்று மனைவி அலறினாள்.

பயந்த பிள்ளை என்பதற்கு எனக்குச் சிங்களம் தெரியாது. விசர், பைத்தியம் என்பதற்கு மட்டும் தெரியும்.

"பிஸ்ஸு சேர்! பிஸ்ஸு!"

சிப்பாய் சிரித்துவிட்டான், துவக்கு தாழ்ந்தது. ஒரே சொல்லில் பிள்ளையைக் காப்பாற்றியவன் நான் என்று பல வருசம் வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்தேன்.

இப்போது அந்தச் சாவடி இல்லை. அந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். மந்தம் என்றவர்களும் இல்லை. கிளினிக்கில் "ஓட்டிசம்" என்றார்கள். நானும் சொல்லப் பழகிவிட்டேன். அவளுக்குத் தன் பெயரைச் சொல்ல மாதக்கணக்காகப் பழக்கினோம். போன மாதம் புதிதாக வந்த டொக்டர், "உங்கட பேர் என்ன, தங்கச்சி?" என்று கேட்டார். தர்சினி என்று சொல்லிவிட வேண்டுமே என்று நான் அவள் வாயையே பார்த்தேன்.

அவள் உட்காரப் போட்டிருந்த சுவரோரக் கதிரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு முடித்தாள். பிறகு என் குரலில், அன்றைய என் நடுக்கத்தோடு சொன்னாள்:

"பிஸ்ஸு சேர்! பிஸ்ஸு!"