கிழக்குப் பக்கத்து ஆறு போல்ட்டுகள்

செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், நானும் என் கல்லூரித் தோழனும் கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தோம். இரும்புக் கட்டுமானத்துக்குப் புதிய விதிநூல் வந்திருந்த நேரம். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலைக் கொட்டகை வேலை கிடைத்தது. தூணும் உத்திரமும் எங்கள் பொறுப்பு. இரண்டையும் இணைக்கும் தகட்டையும் போல்ட்டையும் அச்சரப்பாக்கத்துப் பட்டறைக்காரர்கள் கணக்கிட்டுக்கொள்வார்கள். ஒவ்வோர் இணைப்பும் எத்தனை டன் தாங்க வேண்டும் என்று நாங்கள் வரைபடத்தில் குறித்துத் தர வேண்டும்.

அதில்தான் சண்டை. பழைய முறையில், உண்மையில் வரும் சுமையை அப்படியே எழுதுவோம்; பாதுகாப்புக்கான கூடுதலை இணைப்பைக் கணக்கிடுபவர் சேர்த்துக்கொள்வார். புதிய முறையில், பாதுகாப்புக்காகச் சுமையையே ஒன்றரை மடங்காக்கி எழுத வேண்டும்.

"பழைய முறையில போட்டு எதுனா வுழுந்துச்சா மச்சான்?" என்பான் அவன்.

நானோ புதிய முறைக்காகச் சென்னையில் மூன்று நாள் வகுப்புக்குப் போய், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். விடுவேனா?

பேசித் தீராமல், கொட்டகையின் மேற்குப் பாதியை அவனும் கிழக்குப் பாதியை நானும் எடுத்துக்கொண்டோம். அவன் பத்து டன் என்று எழுதிய அதே அளவு உத்திரத்துக்கு நான் பதினைந்து என்று எழுதினேன். எந்த முறை என்று இருவருமே குறிக்கவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே!

இரண்டு வாரம் கழித்துப் பட்டறை மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"சார், பீமு ஒரே சைஸு. மேக்கால நாலு போல்ட்டு, கிழக்கால ஆறு. கிழக்கால இன்னா யானை கட்டப் போறீங்களா?"

பைக்கில் பட்டறைக்குக் கிளம்பிப் போனோம். கிழக்குப் பக்கத்துத் தகடு உத்திரத்தைவிட உயரமாக, மேலும் கீழும் துருத்திக்கொண்டு நின்றது. அவர்களுடைய பொறியாளர், எல்லாமே உண்மைச் சுமை என்று நினைத்து, நான் ஏற்கெனவே பெருக்கியதை மறுபடியும் ஒன்றரையால் பெருக்கியிருந்தார்.

என் தோழனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூணு நாள் வகுப்பு வேல செய்து மச்சான்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அவரு எல்லாத்தையும் நாமளே பெருக்கிட்டோம்னு நெனச்சிருந்தா?"

அவன் சிரிப்பு நின்றது. அப்படி நினைத்திருந்தால் அவன் எழுதிய பத்து டன்னை யாருமே பெருக்காமல், அவன் பக்கத்து இணைப்புகள் பலவீனமாகப் போயிருக்கும். யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

மேற்பார்வையாளர் டீ வரவழைத்தார். "எத்த வேணா போடுங்க சார். எதுன்னு எய்திப் போடுங்க. நாங்க இன்னா ஜோசியமா பாக்குறோம்?"

எந்த முறை என்பதைக் கடைசியில் அவர்களுடைய பொறியாளர்தான் தீர்த்துவைத்தார். அவர் கம்ப்யூட்டரில் புதிய முறை மட்டுமே இருந்தது. நான் ஜெயித்ததாகச் சொல்ல முடியாது; ஆனாலும் திரும்பும் வழியில் விசில் அடித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அவனே உட்கார்ந்து வரைபடங்களைத் திருத்தினான். 'இங்குள்ள சுமைகள் ஏற்கெனவே பெருக்கப்பட்டவை. மீண்டும் பெருக்க வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் ஒவ்வொரு தாளிலும் அச்சடித்தான். சுமையே குறிக்காத கழிப்பறைக் கதவு வரைபடத்தில்கூட அது இருந்தது.