ஐந்தாவது காவலாளியின் கை

அந்தக் கோடை விடுமுறை விளையாட்டில் நான் மந்திரக்காரி. சித்தப்பாவின் பெரிய பையன் வாள்வீரன், சின்னவன் திருடன். என் அம்மாவுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வரும் என்பதால், பள்ளி மூடியதும் என்னை ஆம்பூரில் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

சித்தப்பா ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் இருந்தார். செருப்பின் மேல்தோலையும் அடிப்பாகத்தையும் சொல்யூஷன் தடவி ஒட்டும் வேலை. டிசைன் பிரிவில் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்திருந்தார். சித்தப்பா கதை சொல்வார். கதைக்குள் நாங்கள் மூவரும் பாதாளக் கோட்டையில் நடந்துகொண்டே இருப்போம். ஒவ்வொரு கதவிலும் ஒரு விடுகதை. தப்பாகச் சொன்னால் டிபன் டப்பாவிலிருந்து நம்பர் சீட்டு எடுக்க வேண்டும். சின்ன நம்பர் வந்தால் தேள் கொட்டும், அல்லது கூரை இடிந்து விழும்.

முதலில் விடுகதைகளை அவர் போனில் பார்த்துத்தான் எழுதிக்கொண்டு வந்தார். “வெள்ளைப் போர்வை போர்த்திப் படுத்திருக்கும், தண்ணி ஊத்துனா போர்வை கரைஞ்சிடும். அது இன்னா?” என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே குரலில் உப்புத்தோல் என்றோம். தோல் விற்கும் மண்டிக்கு வரும் சரக்கெல்லாம் உப்பு பூசித்தானே வருகிறது. அவர் நோட்டில் இருந்த விடை பனி மூடிய மலை. பனியை எங்களில் யார் பார்த்தோம்? அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டார். அதற்கப்புறம் விடுகதைகளை அவரே எழுத ஆரம்பித்தார்.

எழுதினார் என்றால் சாதாரணமாக அல்ல. முதல் வாரம் மூன்று அறைகள் இருந்த கோட்டை, போகப்போக முப்பது அறைகளாகிவிட்டது. வரைபடத்தில் கலர் பென்சிலால் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக வரைந்திருந்தார். காலையில் டப்பாவோடு கம்பெனிக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பும் மனிதருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம் என்று நாங்கள் யோசிக்கவில்லை. எங்களுக்கு வேண்டியது அடுத்த கதவு.

கடைசிக் கதவுக்கு வந்த அன்று சித்தி பக்கத்திலேயே அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு காவலாளி நிக்கிறானுங்க,” என்றார் சித்தப்பா. “தோல் ஊறவெக்கிறவன், சாயம் போடறவன், வெட்டறவன், தைக்கிறவன், ஒட்டறவன். அஞ்சு பேரும் வேலை முடிச்சி நேரா வர்றேன்னு சொல்றானுங்க. அதுல ஒருத்தன் வேலைக்கே போகல. யாருன்னு கண்டுபிடிங்க. தப்பா சொன்னா மூணு பேரும் கல்லா போய்டுவீங்க.”

ஒரு மாதம் நடந்து வந்து கல்லாய்ப் போவதா? வாள்வீரன் ஏதேதோ கேட்டுக் குழப்பினான். நான் அவனை அடக்கிவிட்டு, ஐந்து பேரையும் கையை நீட்டச் சொன்னேன். அந்த ஊரில் யார் என்ன வேலை செய்கிறார் என்று கையைப் பார்த்தாலே தெரியும். சித்தப்பா ஒவ்வொரு கையாகச் சொன்னார்: ஊறவைப்பவன் விரலைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. சாயக்காரன் நகம் நீலம். வெட்டுபவன் கட்டைவிரலில் தழும்பு. தைப்பவன் விரல்நுனியில் ஊசி குத்திய புள்ளிகள்.

“ஒட்டறவன் கை?”

சித்தப்பா நோட்டை மூடி வைத்தார். “சுத்தமா இருக்குது,” என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒட்டுகிறவரின் கை எப்படி இருக்கும் என்று நிரூபிக்க, சாட்சி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாரே! சித்தப்பாவின் கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அந்தச் சொல்யூஷன் வாசனை வரவில்லை. பென்சில் சீவிய வாசனைதான் வந்தது. ஊரே மணக்கும்போது ஒரு கை மணக்காதது சித்தியின் மூக்குக்கு எட்டவில்லை போலும். வேலூரிலிருந்து வந்த மூக்குக்கு எட்டிவிட்டது.

“இன்னா சித்தப்பா, உங்க கைல சொல்யூஷன் வாசனையே இல்ல! ஒட்டறவன்தான் பொய் சொல்றான்!” என்று கத்தினேன்.

“ரைட்டு. கதவு தொறந்துட்ச்சி,” என்றார்.

நாங்கள் குதித்தோம். சித்தி அவரைக்காயை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவருடைய இன்னொரு கையை எடுத்து அவளும் மோந்து பார்த்தாள்.

“எத்தினி நாளா?”

“இருவது நாள் இருக்கும்.”

“டப்பா கட்டிக் குடுத்தேனே. எங்க ஒக்காந்து சாப்ட்டீங்க?”

“ரயில்வே ஸ்டேஷன்ல. கடைசி பெஞ்ச்சுல.”

கதவுக்குள்ளே என்ன இருக்கிறது என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். சித்தி எங்கள் மூவரையும் வெளியே போய் விளையாடச் சொன்னாள். அத்தோடு விளையாட்டு நின்றுவிட்டது. ஜெயிக்கிற நேரத்தில் கெடுத்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில் ஒரு வாரம் நான் சித்தியோடு பேசவில்லை.

ஆர்டர் இல்லையென்று கம்பெனியில் பாதிப் பேரை நிறுத்தியிருந்தார்கள் என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. பாவம் சித்தப்பா, நான்தான் வாயை அடக்காமல் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ரொம்ப நாள் வருந்தினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த விடுகதையை எழுதியவர் அவர். சித்தி பக்கத்தில் இருக்கும்போது கேட்டவரும் அவர். ஐந்தாவது ஆளின் கையில் சொல்யூஷன் ஒட்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பிவிட்டு, சாயக்காரனை விசாரிக்கப் போயிருப்போம்.