துரை பங்களாவுக்கு ஒட்டுப்புல் போன வழி

கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி நான் வந்து சேர்ந்த இடம் மலாயாவில் குருணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. என் கணவர் அங்கே வெளிக்காட்டுக் கிராணி. களையெடுக்கும் பெண்களின் வேலையைப் பார்த்து எழுதி, தினமும் காலையில் துரையிடம் கொண்டுபோய்க் காட்டுவது அவர் உத்தியோகம்.

குன்றின் உச்சியில் துரையின் பங்களா இருந்தது. நடுச்சரிவில் எங்களைப் போன்ற உத்தியோகக்காரரின் வீடுகள், அடியில் தொழிலாளர் லயம். பெரிய கிராணியின் மனைவி, நான் வந்த மூன்றாம் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"லயத்துக்கு நாங்கள் போறேல்லை, பிள்ளை. தேவையெண்டால் அவையள் வருவினம்."

எனக்குத் தேவையாக இருந்தது பேச்சுத்துணை. அது வீடு தேடி வருகிற சாமான் இல்லை.

எங்களுக்குப் பால் கொண்டுவருகிறவள் களையெடுக்கும் கும்பலைச் சேர்ந்தவள். என் வயதுதான். ஒரு பசு வைத்திருந்தாள். ஒருமுறை இரண்டு நாள் பால் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கணவர் ஆபீசுக்குப் போனதும், விசாரிக்கலாமென்று இறங்கிப் போனேன். அவளுக்குக் காய்ச்சல். பாயில் படுத்திருந்தவள் என்னைக் கண்டு எழப் பார்த்தாள்.

"நீர் படும்" என்றேன், எங்கள் ஊர்ப் பேச்சில்.

அவள் காய்ச்சலோடு சிரித்தாள். "தண்ணியா அம்மா நானு?"

அன்று ஒரு மணி நேரம் இருந்தேன். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் போனேன். சிமெண்டுத் தரையில் கரியால் கட்டம் கீறித் தாயம் விளையாடுவோம். அவள் துணிந்து கள்ளாட்டம் ஆடுவாள். நான் அவளைவிட நாசூக்காக ஆடுவேன்.

ரோட்டால் போனால் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நடக்க வேண்டும். அதனால் பந்து விளையாடும் பாடாங்கைக் குறுக்கே வெட்டிப் போவேன். அந்தத் திடல் முழுக்க ஒட்டுப்புல். வீடு திரும்பும்போது சேலைக் கரை நெடுக ஊசி ஊசியாக விதை குத்தியிருக்கும். கணவர் வருவதற்குள் பின்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துவிடுவேன். தடயம் எதுவும் இல்லையென்று எனக்கு மிகுந்த திருப்தி.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் பின்படியைச் சுற்றி ஒட்டுப்புல் முளைத்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. காலையில் அந்த வழியாகத்தான் கணவர் பங்களாவுக்குப் புறப்படுவார், முழங்கால் வரை வெள்ளைக் கால்மேசு போட்டுக்கொண்டு. துரை காலைச் சாப்பாட்டை முடித்து வரும்வரை டென்னிஸ் புல்தரையின் ஓரமாக நிற்க வேண்டும். அரை மணி நேரம் சும்மா நிற்கிற மனிதர் என்ன செய்வார்? குனிந்து மேசில் குத்தியிருப்பதைப் பிடுங்கிப் போடுவார்.

துரையின் புல்தரை மெத்தைப்புல். ஆட்கள் துண்டு துண்டாக நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தது. அந்தப் புல் கொடிவிட்டு, பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு மெல்ல நகருமே தவிர, அதற்கு மேல் எங்கும் பயணம் போகாது. ஒட்டுப்புல் அப்படியில்லை. ஆளோ மாடோ எது வந்தாலும் தொற்றிக்கொண்டு புறப்பட்டுவிடும். இறங்கிய இடத்தில் தரையோடு படிந்து வேர்விடும். மேலே வெட்டினால் இன்னும் நெருக்கமாகும். ஒருநாள் பந்து பொறுக்கப் போன துரைசானியின் காலுறையெல்லாம் ஊசி.

யாரால் வந்தது என்று கண்டுபிடிக்கும்படி என் கணவருக்கு உத்தரவாயிற்று. அவர் இரண்டு நாள் குன்றைச் சுற்றி நடந்தார். பிறகு லயத்து மாடுகளைக் குற்றவாளியாக்கினார்.

அடுத்த நாள் காலையில் பால் கொண்டுவந்தவள் செம்பை வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னும் ஒரு மாசம்தான் அம்மா பாலு. மாட்டையெல்லாம் வித்திடணும்னு காலையில பெரட்டுல பேரு கூப்பிடறப்ப சொல்லிட்டாங்க. பங்களாவுல புல்லு மொளைச்சதுக்கு எம்மாடு என்னலா பண்ணுச்சு? அது மேட்டுப்பக்கம் ஏறுனதே இல்ல."

அன்று சமையல் எனக்கு ஓடவில்லை. மத்தியானம் கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"பசுவாலை இல்லை. என்னாலைதான்."

"என்ன சொல்லுறீர்?"

"நான் லயத்துக்குப் போறனான். கிழமையிலை ரெண்டு தரம். பாடாங்குக்குள்ளாலை. சீலையிலை பிடிக்கிற புல்லைப் பின்படியிலை எறியிறனான். மிச்சத்தை உங்கடை கால்மேசைக் கேளுங்கோ."

அவர் கால் தன்பாட்டில் நாற்காலிக்கு அடியில் போயிற்று. குனிந்து பார்த்தார். இடது மேசில் நான்கு, வலதில் ஏழோ எட்டோ. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை.

"இதை நான் துரைக்கு என்னெண்டு எழுதுறது?"

"உள்ளதை எழுதுங்கோ."

"உள்ளதை எழுதினால் என்ரை பெண்சாதி லயத்துக்குப் போறா எண்டும் எழுதோணும். நான்தான் விதை போட்டனான் எண்டும் எழுதோணும்."

அன்று பின்னேரம் முழுவதும் எழுதினார். அழகான கையெழுத்து, நல்ல இங்கிலீஷ். மறு விசாரணையில் மாடுகள் நிரபராதிகள் என்று தெரிகிறது, விதை காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறது என்று முடித்தார். காற்றில் பறப்பது லாலான் புல்லின் பஞ்சு விதை. ஒட்டுப்புல் விதைக்குப் பறக்கத் தெரியாது. பத்து வருஷமாகக் களையெடுப்பு பார்த்தவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் எங்கள் துரை டென்னிஸில் தோற்றுக்கொண்டே இருந்தார். அதனால் படித்த மாத்திரத்தில் நம்பிவிட்டார்.

மாடுகள் தப்பின. பன்னிரண்டு பெண்களைப் புல்தரையில் ஒட்டுப்புல்லை வேரோடு தோண்ட வைத்தார்கள். பால் கொண்டுவருகிறவளும் அதில் ஒருத்தி. எனக்கு மனம் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய், எல்லாம் என்னால் வந்தது என்று சொன்னேன்.

"சும்மா இருங்கம்மா" என்றாள். "வெட்டவெளி வெயில்ல லாலான் கொத்துறதுக்கு இது எவ்வளவோ தேவலை. நெழலு இருக்கு, பைப்புத் தண்ணி இருக்கு. யாருகிட்டயும் சொல்லித் தொலைச்சிடாதீங்க."

இந்த முறை நான் ரோட்டால் போயிருந்தேன். கணவர்தான் அப்படிச் சொன்னார். போவதானால் புல்லில் இறங்காமல் போம் என்றார், அவ்வளவுதான். பெரிய கிராணியின் மனைவி தன் வீட்டு ஜன்னலால் பார்த்தார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த மாதம் நிம்மதியாகப் போயிற்று.

புல் விஷயத்தில் என் கணவர் கெட்டிக்காரர் என்று துரைக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்குப் புகார்க் கடிதம் எழுதும் வேலையும் அவரிடமே வந்தது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தங்கள் பங்களா முற்றத்திலும் இப்போது அதே புல் இருக்கிறது, அது உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அந்தத் துரை எழுதியிருந்தார்.

கணவர் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"நீர் அங்கையும் போனனீரோ?"

"ஒருதரம் போனனான்" என்றேன். "அந்தத் தோட்டத்துக் கிராணியின்ரை தங்கச்சி கலியாணத்துக்கு. நீங்களும்தான் வந்தனீங்கள். பிறகு அந்தத் துரைக்கு வணக்கம் சொல்லோணும் எண்டு பங்களா முற்றத்திலை கால்மேசோடை அரை மணித்தியாலம் நிண்டனீங்கள்."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மோர் கேட்டார்.