ஆறு டின் தண்ணீர்

சென்ற வாரப் பத்திரிகையில் இந்த இடத்தில் என்னைக் காணாமல் சிலர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டீர்களாம். 'காட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா?' என்று ஒரு வாசகர் கவலைப்பட்டிருக்கிறார். துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் என்னைப் பிடித்து என்ன செய்வார்கள்? சோறு போட்டு மாளாது!

விஷயம் இதுதான். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தங்கை செல்லம்மா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஆண் குழந்தை — மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்டது. தாய்மாமன் போய்ப் பார்க்காமல் இருக்கலாமா? கோலசிலாங்கூரில் பஸ் ஏறிவிட்டேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, தோட்டத்து எல்லையில் எங்கோ துப்பாக்கிச் சத்தம். அவ்வளவுதான்... தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தைச் சுற்றியிருக்கும் முள்வேலிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். பட்டப்பகலில் ஊரடங்கு. உள்ளே இருப்பவன் உள்ளே, வெளியே இருப்பவன் வெளியே.

அன்று பார்த்துத்தானா குழந்தைக்குக் காய்ச்சல் வர வேண்டும்? உடம்பு கொதிக்கிறது. பால் குடிக்கவில்லை. அழக்கூட இல்லை. வீரிட்டு அழும் பிள்ளையைச் சமாளித்துவிடலாம். அழாத பிள்ளையை என்ன செய்வது?

தங்கை புருஷன் வீரையா, தோட்டத்து லோரி ஓட்டுபவர். கதவில் நின்ற போலீஸ் அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உத்தரவு இல்லை. வேண்டுமானால் டிரசரை உள்ளே விடுகிறோம் என்றார்கள். அந்த மட்டும் புண்ணியம்.

டிரசர் ஞானமுத்து போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து, ஊசி, கட்டு, பிரசவம் எல்லாமே இவர்தான். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டுவார். ஞானமுத்து குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது.

"ஊசி போட்டா பிழைச்சுக்குவான். ஆனா இந்த மருந்து உடம்பு எடைக்குத்தான் கொடுக்கணும். கூடிப்போச்சுன்னா மூச்சு நின்னுடும். கொறைஞ்சா காய்ச்சல் கேக்காது. பிள்ளை எத்தனை ராத்தல்?"

யாருக்குத் தெரியும்? குழந்தைத் தராசு ஆஸ்பத்திரியில். டிரசரை இறக்கிவிட்ட ஜீப் போய்விட்டது. அரிசி நிறுக்கும் தராசு ரேஷன் கடையில்... அதுவும் வேலிக்கு வெளியே!

"கண்ணால பாத்து சொல்ல முடியாதாங்கய்யா?" என்று கேட்டாள் செல்லம்மா.

"நெறைமாசப் பிள்ளைன்னா சொல்லிடுவேன் ஆத்தா. இது கொறைமாசம். குத்துமதிப்பா ஊசி போட எனக்கு நெஞ்சு துணியாது."

செல்லம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். டிரசர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்த பீப்பாய் இருந்தது.

"தண்ணி இருக்குல்லா? அப்புறம் தராசு எதுக்கு? வீரையா, அந்தக் காண்டாக் கம்பைக் கொண்டா!"

ரப்பர் பால் வாளிகளை இரண்டு பக்கமும் மாட்டித் தோளில் சுமப்பார்களே, அந்தக் கம்பு. அதை நடுவில் கயிறு கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டோம். ஒரு முனையில் சேலைத் தூளி, மறுமுனையில் காலி வாளி. தூளிக்குள் துணிமணிகளைத் திணித்து முதலில் இரண்டையும் சமமாக்கினார் டிரசர். பிறகு துணிகளின்மேல் குழந்தையைக் கிடத்தினார். தூளி தாழ்ந்தது. வாளியில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தோம்.

எதால் ஊற்றினோம்? வேறு எதால்... பால் டின்தான்! நம் தோட்டங்களில் அரிசியா, சீனியா, எண்ணெயா, மண்ணெண்ணெயா — எல்லாவற்றுக்கும் ஒரே அளவு அதுதானே? இப்போதெல்லாம் காட்டுக்காரர்களுக்குப் போய்விடக் கூடாது என்று, வைத்திருந்தால் கெட்டுப்போகும்படி கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் பாலை விற்கிறார்கள். ஓட்டை விழுந்த மேல்மூடியை வெட்டி எறிந்துவிட்டால் டின் அருமையான படி.

ஆறாவது டின்னில் கம்பு நேராக நின்றது. மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் என் மருமகன், ஒரு பக்கம் வானத்திலிருந்து விழுந்த தண்ணீர். இரண்டும் சரிக்குச் சரி!

"ஒரு டின் பதினாலு அவுன்ஸ். லேபிள்ளயே போட்டிருக்கு" என்றாள் செல்லம்மா. அது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நான்தான் கணக்கில் புலியாயிற்றே! ஆறு பதினாலு எண்பத்துநாலு. பதினாறு அவுன்ஸ் ஒரு ராத்தல். "அஞ்சு ராத்தல் நாலு அவுன்ஸ்!" என்று கத்தினேன்.

டிரசர் ஊசியில் மருந்தை ஏற்றினார். குழந்தையின் தொடையைத் துடைத்தார். அந்தத் தொடை என் கட்டைவிரல் பருமன்கூட இல்லை. ஊசி கிட்டே போய்... நின்றது.

"ஏன்யா, பதினாலு அவுன்ஸுன்னு போட்டிருக்கறது எதுக்கு? டின்னுக்கா, பாலுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றேன் நான்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். பெட்டியிலிருந்து மருந்து அளக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குவளையை எடுத்தார். அதே டின்னில் தண்ணீரை நிரப்பி, குவளையில் ஊற்றி ஊற்றி அளந்தார். பதினொரு அவுன்ஸ்தான் வந்தது!

"டின் பால் சீனி போட்டுக் காய்ச்சுனது. கனம். தண்ணி அவ்வளவு கனம் இல்லை. தண்ணிய மட்டும் குவளையில ஒரு அவுன்ஸ் அளந்தா, தராசுலயும் ஒரு அவுன்ஸ்தான் நிக்கும். பிள்ளை அஞ்சேகால் ராத்தல் இல்லைய்யா. நாலு ராத்தல் ரெண்டு அவுன்ஸ்!"

ஏற்றிய மருந்தில் ஒரு பங்கைத் தரையில் பீய்ச்சி விட்டார். அந்த ஈரத்தைக் குனிந்து பார்த்தேன். சீனிக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரு உயிரை வாங்கியிருக்கும்.

மிச்சத்தைப் போட்டார். அப்போதாவது பிள்ளை அழுதானா? இல்லை. நாங்கள்தான் அழுதோம்.

அன்று முழுக்க அந்தப் பீப்பாய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் அதில் மிதக்கிறது, டின் பால் அடியில் போய் உட்காருகிறது. தண்ணீர் மட்டும் தன் எடையைத் தன் அளவிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கேலன் தண்ணீர் பத்து ராத்தல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன்தான் நான். அது ஆண்டவன் பூட்டில்லாமல் திறந்து வைத்த தராசு என்று யாராவது சொன்னார்களா? சிலாங்கூர் ஆற்றைத் தினமும் பார்க்கிறேன். இனி அதைச் சும்மா பார்க்க முடியாது போலிருக்கிறது.

லேபிளைப் பார்த்து எடை போடுகிற பழக்கம் நமக்கு டின்னோடு மட்டுமா நிற்கிறது? வேலிக்கு உள்ளே இருந்தால் நல்லவன், வெளியே இருந்தால்... வேண்டாம், ஆசிரியர் கத்தரிக்கோலைத் தூக்கிவிடுவார்!

மறுநாள் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். வீரையா லோரியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் நிஜத் தராசில் பிள்ளையைக் கிடத்தினார் டிரசர். முள் நாலு ராத்தல் மூன்று அவுன்ஸில் நின்றது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஐயா, ஒரு அவுன்ஸ் இடிக்குதே! உங்க தண்ணிக் கணக்கும் தப்புதானா?"

டிரசர் பிள்ளையின் உதட்டோரத்தை விரலால் துடைத்துக் காட்டினார்.

"விடிஞ்சதிலேருந்து பால் குடிக்கிறான்லா... அது எங்கே போகும்?"