மொட்டைத் தலைக்கு வாங்கிய தடையுத்தரவு

திருத்தணி கோர்ட்டில் பிராக்டீஸ் பண்ணின காலம் முழுக்க, கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லாத சீனியர் கிடையாது. நான் குறைக்கவில்லை. அந்தக் கோபம் உருப்படியாக உதவின ஒரு கேஸைச் சொல்கிறேன். ஊரில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது.

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு தறிக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்புப் பெண். தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றியிருந்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நான் போட்ட கேஸுக்கே அர்த்தமில்லை.

அப்பா ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினார். ஏதோ ஒரு கூந்தல் எண்ணெய்க் கம்பெனியின் வெப்சைட் விளம்பரம். இடது பக்கம் இந்தப் பெண், மொட்டைத் தலையோடு சிரிக்கிறாள். வலது பக்கம் இடுப்பு வரை கூந்தல் தொங்க வேறு யாரோ ஒரு பெண். மேலே, நோயால் முடி இழந்த சிறுமி எங்கள் எண்ணெயால் பெற்ற கூந்தல் என்று போட்டிருந்தது.

நடந்தது இதுதான். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றி, பிழைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. இந்தப் பெண் தானாகவே முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டாள். அம்மா எழுந்து உட்கார்ந்ததும் மலைக்கு வந்து மொட்டை போட்டு, சந்தனம் பூசி, அடிவாரத்து ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். படம் நன்றாக வந்ததால் ஸ்டுடியோக்காரர், ஷோகேஸில் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆங், மாட்டிக்கோங்க என்று சொல்லிவிட்டார். எந்த அப்பாதான் வேண்டாம் என்பார்? மொட்டைப் படம் தேடி வந்த எண்ணெய்க் கம்பெனி ஆளுக்கு ஸ்டுடியோக்காரர் அதை சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கூடப் படிக்கும் பையன்கள் பிரவுசிங் சென்டரில் அதைப் பார்த்து, பிரிண்ட் எடுத்து வகுப்பு போர்டில் ஒட்டிவிட்டார்கள். பக்கத்தில் உட்காரும் பெண்கள் நோய் தொற்றும் என்று இடம் மாறிக்கொண்டார்கள். அன்றோடு இவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

"இனிமே எங்கங்க போவப்போறா? தறியில உக்கார வெச்சுடலாம்னு இருக்கேன்" என்றார் அப்பா.

அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. "அந்தப் படத்தை எடுத்துட்டா நான் போறேன் நைனா" என்று மட்டும் சொன்னாள்.

கம்பெனிக்கு போன் போட்டேன். மேனேஜர் தேனாகப் பேசினார். சின்னப் பெண் படத்துக்குப் போய் இவ்வளவு எதற்கு மேடம், வேண்டுமானால் ஒரு பெட்டி எண்ணெய் அனுப்பிவைக்கிறோம் என்றார். எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. மறுநாளே கேஸ் போடக் கிளம்பினேன்.

சட்டம் லேசில் கைகொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் சட்டம் ஆபாசப் படத்துக்குத்தான் இருக்கு, இது ஆபாசமில்லையே என்று போலீஸில் கையை விரித்துவிட்டார்கள். அதனால் மைனர் சார்பில் அப்பா வாதி என்று போட்டு, சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டேன். வேலித் தகராறுக்குத் தடை வாங்குகிற கோர்ட்டில் இன்டர்நெட்டுக்குத் தடையா என்று பார் ரூமில் சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கம்பெனி வக்கீல் சென்னையிலிருந்து வந்திருந்தார். கெட்டிக்காரர். அப்பாவே ஷோகேஸுக்குச் சம்மதித்துவிட்டார், தெருவில் போகிற எல்லாரும் பார்த்த படம், இன்டர்நெட்டும் ஒரு பெரிய ஷோகேஸ்தானே என்றார். ஒரு நிமிஷம் எனக்கே அது சரிதானோ என்று பட்டது.

ஸ்டுடியோவின் அசல் படத்தை விளம்பரத்தோடு ஒட்டி நீதிபதி முன்னால் வைத்தேன். அசலில் தலை முழுக்க மஞ்சளாகச் சந்தனம். விளம்பரத்தில் சந்தனத்தைக் கம்ப்யூட்டரில் வழித்து எடுத்திருந்தார்கள். சந்தனம் இருந்தால் இது வேண்டுதல் மொட்டை என்று பார்க்கிற எவருக்கும் தெரிந்துவிடுமே. தெரிந்தே செய்த வேலை ஐயா என்றேன்.

நீதிபதி இரண்டு தரப்பையும் தன் அறைக்கு அழைத்து, அந்தப் பெண்ணைப் பேசச் சொன்னார். அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள். முடி அரை விரல் வளர்ந்திருந்தது.

"என் முடி கொட்டலைங்க ஐயா. எங்கம்மா பொழைச்சுக்கினாங்கன்னு நானே குடுத்தேன். சாமிக்குக் குடுத்ததை இவங்க எப்படி நோவுன்னு எழுதலாம்?"

கம்பெனி வக்கீல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே உத்தரவு வந்தது. படத்தை உடனே எடுக்க வேண்டும், எங்கேயும் பயன்படுத்தக் கூடாது, அதே பக்கத்தில் மன்னிப்பு போட வேண்டும். "அப்பா சம்மதிச்சது ஷோகேஸ் கண்ணாடிக்கு. பொய்க்கு இல்லை" என்றார் நீதிபதி. எழுந்து விசில் அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

அந்தச் சனிக்கிழமை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு அப்பா, மகள், நான் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். பக்கம் ஊர்ந்து ஊர்ந்து திறந்தது. படம் இல்லை. மன்னிப்பு இருந்தது. அப்பா நம்பாமல் திரும்பத் திரும்பத் திறக்கச் சொன்னார். மகள்தான் மவுஸைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போனது.

அதற்கப்புறம் மைனர் கேஸ் எது வந்தாலும், அப்பா அம்மாவைக் கேட்பதற்கு முன்னால் பிள்ளையை உட்காரவைத்துக் கேட்பேன். முகம் அதனுடையது. அதில் என்ன நஷ்டம் என்று அதற்குத்தான் தெரியும்.

படம் போனதைப் பார்த்த அடுத்த திங்கட்கிழமையே அவள் வெறுந்தலையோடு பள்ளிக்கூடம் போனாளாம். முடி இவ்வளவு சீக்கிரம் வளர்ந்துடுச்சே, என்ன எண்ணெய் தடவுற என்று ஒரு பையன் வம்புக்கு இழுத்திருக்கிறான்.

"எண்ணெய் இல்லடா. கோர்ட்டு ஆர்டர்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.